சீனி வந்தது, விளக்கு வரவில்லை

சென்னை ஹோட்டலில் ஒருவர், "காப்பிக்குச் சீனி கொஞ்சம் கம்மியாப் போடுங்க" என்று சொன்னால் அவருடைய ஊரை விசாரிக்க வேண்டியதில்லை. மதுரைக்குத் தெற்கே பிறந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மற்றவர்களுக்கு அது சர்க்கரை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சர்க்கரை என்றால் பழுப்பாக இருக்க வேண்டும். பொங்கலில் போட வேண்டும். வெள்ளை வெளேரென்று மணல் போல இருந்தால் அது சீனி.

இந்தச் சொல்லுக்குள் ஒரு தேசம் உட்கார்ந்திருக்கிறது. நயமான வெள்ளைச் சர்க்கரை ஒரு காலத்தில் சீனாவிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலருடைய கருத்து. வேடிக்கை என்னவென்றால், கரும்புச் சாற்றைச் சர்க்கரையாகக் காய்ச்சும் முறையைக் கற்றுக்கொண்டு வரும்படி 647-ஆம் ஆண்டில் சீனச் சக்கரவர்த்தி டாய்ட்சுங் தூதர்களை அனுப்பியது நம் மகத நாட்டுக்குத்தான். இங்கே படித்த வித்தையைத் தங்கள் ஊரில் மெருகேற்றி, தங்கள் பெயரையும் சூட்டி, நமக்கே விற்றுவிட்டார்கள்! நாமும் ஆட்சேபணை செய்யாமல் வாங்கிக் காப்பியில் போட்டுக்கொண்டோம்.

சீனி மட்டுமா? படிகாரத்துக்குச் சீனக்காரம் என்று ஒரு பெயர் உண்டு. இலங்கைத் தமிழர் பட்டாசைச் சீன வெடி என்பார்கள். மலையாளத்து அடுப்பங்கரையில் சீனச்சட்டி இருக்கிறது. இவை யாவும் வீட்டுக்குள் வந்து, வீட்டு மனிதர்களைப்போலவே ஆகிவிட்டன. ஆனால் சீனா என்றதும் உலகம் முழுவதற்கும் முதலில் ஞாபகம் வருகிற ஒரு பொருள் நம்மிடம் அப்படி ஒட்டவில்லை. கலியாணப் பந்தலிலும் பொருட்காட்சியிலும் தொங்கும்போது பார்க்கிறோம். "சைனா லாந்தர்" என்று பாதி இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தக் காகித விளக்கைப்பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அதைச் செய்கிற விதம் எளிது. மூங்கிலை மெல்லிய சிம்புகளாகச் சீவி, வளைத்து, நூலால் கட்டிக் கூடாக்குகிறார்கள். அதன்மேல் காகிதமோ பட்டுச் சல்லாவோ ஒட்டுகிறார்கள். பனியில் நனைந்து கிழியாமலிருக்கக் காகிதத்தில் எண்ணெய் பூசுவதுண்டு. உள்ளே ஒரு மெழுகுவத்தி. சில விளக்குகளை ஆர்மோனியத்தின் துருத்தியைப்போல மடித்து வைத்துவிடலாம். இன்னொரு வகை நிஜமாகவே கெட்டிக்கார வேலை. அதற்கு "ஓடும் குதிரை விளக்கு" என்று பெயர். சுடரின் சூட்டினால் மேலே எழும் காற்று உள்ளேயிருக்கும் காகிதச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தோடு கத்தரித்து ஒட்டிய குதிரைகளும் வீரர்களும் சுழல்வார்கள். அவர்களுடைய நிழல் வெளிக் காகிதத்தில் விழுந்து, ஓயாமல் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, சுங் வம்சத்து அரசர்கள் காலத்தில், சீனக் குழந்தைகள் இந்தப் 'பயாஸ்கோப்'பைப் பார்த்திருக்கிறார்கள்.

சிவப்பு விளக்கு கலியாணத்துக்கு. வெள்ளை விளக்கு சாவு வீட்டுக்கு. குடும்பப் பெயரை எழுதி வீட்டு வாசலில் தொங்கவிடுவதும் உண்டு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வசிக்கிற நம்மவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அங்கே எட்டாவது மாதத்துப் பௌர்ணமியில் சீனக் குழந்தைகள் விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்து, தமிழ்க் குழந்தைகளும் விளக்குக் கேட்டு அடம்பிடித்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் விளக்குகளுக்கென்றே ஏற்பட்ட பெரிய திருவிழா அதுவல்ல. வருஷத்தின் முதல் மாதப் பௌர்ணமியில் வருவதுதான். டாங் வம்ச காலத்தில் தலைநகரான சாங்-ஆனில் இரவு முரசு அடித்தபின் வீதிகளில் யாரும் நடமாடக்கூடாது. பேட்டைக்குப் பேட்டை மதில், மதிலுக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. இந்தத் திருவிழாவின்போது மட்டும், மூன்று இரவுகள், அந்தக் கட்டு தளர்ந்துவிடும். வருஷமெல்லாம் மாடத்துக்குள் இருந்த பெண்கள் அலங்காரம் செய்துகொண்டு, கையில் விளக்கோடு வீதிக்கு வருவார்கள். சீனக் கதைகளில் எத்தனையோ காதல்கள் இந்த இரவில்தான் ஆரம்பமாகின்றன. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது மிகவும் நியாயமாகவே படுகிறது. கதாநாயகனும் கதாநாயகியும் சந்திக்க இதைவிட நல்ல சௌகரியத்தை எந்த ராஜாங்கமும் செய்துகொடுத்ததில்லை! அந்த மக்களுக்கு அது வெறும் அலங்காரமல்ல. இரவில் பயமின்றி வெளியே போகலாம் என்பதற்குக் கையில் கிடைத்த அனுமதிச் சீட்டு.

713-ஆம் ஆண்டில் சாங்-ஆனில் நடந்த திருவிழாவைப்பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. அரண்மனைக்கு வெளியே இருநூறு அடி உயரத்தில் ஒரு சக்கரம் அமைத்து, அதில் ஐம்பதாயிரம் விளக்குகளை ஏற்றினார்களாம். அதன் கீழே பெண்கள் கூட்டம் கூட்டமாக மூன்று நாள் ஆடினார்களாம். ஐம்பதாயிரத்தை யார் எண்ணினார்கள் என்று கேட்கக் கூடாது. எண்ணிக்கையைவிட எனக்குச் சுவையாக இருப்பது வேறொன்று. அந்த வருஷம், இரவில் கதவுகளைத் திறந்துவைத்து விளக்கேற்ற அனுமதிக்க வேண்டும் என்று அரசரிடம் விண்ணப்பித்தவர் ஒரு வெளிநாட்டு பௌத்தத் துறவி என்று டாங் வம்ச சரித்திரம் சொல்கிறது.

இதற்கும் முந்திய ஒரு வரலாற்றையும் சீனர்களே சொல்லிக்கொள்கிறார்கள். மகத நாட்டில் அந்தப் பௌர்ணமியன்று துறவிகளும் ஜனங்களும் கூடிப் புத்தருடைய தாதுவைத் தரிசிப்பார்கள் என்று ஹான் வம்சத்து மிங் சக்கரவர்த்தி கேள்விப்பட்டாராம். உடனே தம் நாட்டிலும் அன்றிரவு விளக்கேற்றும்படி ஆணையிட்டாராம். இது சரித்திரமோ கர்ணபரம்பரையோ, திருவிழாவின் பிறப்பைச் சொல்லுகிற கதைகளில் இதுவும் ஒன்று. மறுபடியும் மகதம்! சர்க்கரைக்கும் மகதம், விளக்குக்கும் மகதம். ஆனால் சர்க்கரை சீனியாகத் திரும்பி வந்தது. விளக்கு?

இனி நம் ஆற்றுக்கு வருவோம். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுகொண்டு தாமிரபரணியைப் பார்க்கிறவர்களுக்குக் கடலின் நினைவே வராது. நெல், வாழை, கள்ளபிரான் கோயில் கோபுரம், ஆற்றின் குறுக்கே சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய அணைக்கட்டு. குமரகுருபரர் பிறந்த ஊர். நவதிருப்பதிகளில் முதலாவதாக யாத்திரிகர்கள் வந்து இறங்குகிற ஊர். எல்லாம் உள்நாட்டு அமைதி. ஆனால் அணையைத் தாண்டுகிற தண்ணீர் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, ஏரல், ஆத்தூர் என்று போய்ப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அந்தக் கடைசிச் சில மைல்களில்தான் பழைய உலகத்தின் பெரிய துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்து, ஒன்றன்பின் ஒன்றாக மண்மூடிப் போயின. முதலில் கொற்கை. ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் பின்வாங்கிவிடவே, கொற்கை உள்ளூராகிவிட்டது. பிறகு காயல். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292-ஐ ஒட்டி வந்து பார்த்து வியந்த காயல் இதுதான். அது பழையகாயலா, காயல்பட்டினமா என்று அறிஞர்கள் வாதிடுவதுண்டு. எதுவானாலும் நம் ஆற்றின் வாசல் அது.

அந்த வாசலில் சீனக் கப்பல்களும் நின்றன. 1281-இல் குப்ளாய் கானுடைய தூதர் யாங் டிங்பி இந்தக் கரையில் இறங்கினார். அவர் இறங்கிய துறையைச் சீன நூல் "புதிய கிராமம்" என்கிறது. அது புன்னைக்காயலே என்று கருதுகிறவர்கள் உண்டு. அதே 1281-இல் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் நம்மவர் ஒருவர் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்து, கானுடைய நலத்துக்காக என்று தமிழில் கல்லும் வெட்டிவைத்தார். பாரசீக நாட்டு வஸ்ஸாப் என்ற சரித்திரக்காரர், 'ஜங்க்' என்னும் பெருங்கப்பல்களில் சீனப் பண்டங்கள் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்ததை எழுதியிருக்கிறார்.

பிறகு மிங் வம்சத்துக் காலம். சீன அரசாங்க வரலாற்றில் "ஜியாயிலெ" என்று ஒரு சிறு நாட்டுக்குத் தனிக் குறிப்பு இருக்கிறது. ஜியாயிலெ என்பது வேறொன்றுமில்லை, நம் காயல்தான்! 1408-இல் கடற்படைத் தலைவர் ஜெங் ஹெ சக்கரவர்த்தியின் ஓலையோடு அங்கே அனுப்பப்பட்டார் என்றும், காயல் தலைவருக்குப் பட்டும் சல்லாவும் பரிசளிக்கப்பட்டன என்றும், 1411-இல் காயலிலிருந்து தூதர்கள் காணிக்கையோடு போனார்கள் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. பட்டும் சல்லாவும் என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சீனர்கள் விளக்குக் கூட்டின்மேல் போர்த்துகிற துணிகள் அல்லவா அவை? காயல்காரர்கள் அவற்றை மேலே போர்த்திக்கொண்டார்களோ, பெட்டியில் பூட்டினார்களோ! விளக்கின்மேல் போர்த்தியிருக்கமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இதே ஜெங் ஹெ இலங்கையில் நாட்டிய கல் ஒன்றைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். 1911-இல் காலி நகரத்தில் ஒரு சாக்கடை மதகுக்கு மூடியாகக் கிடந்தது ஒரு பெரிய கல். புரட்டிப் பார்த்தால் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுத்து! 1409 என்று தேதியிட்டது. சீனத்திலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பது பெரும்பாலோர் கருத்து. அப்படியானால் அந்தக் காலத்தில் சீனத் தலைநகரில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவராவது இருந்திருக்கிறார். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்கோடியில் கோயில்கொண்டிருந்த திருமாலுக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சேர்ந்தது. காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. ஒரு தெய்வத்துக்கு அதிகம், ஒரு தெய்வத்துக்குக் குறைவு என்ற பேச்சே இல்லை. நம் ஊர்த் தர்மகர்த்தாக்கள் கவனிக்க வேண்டிய விஷயம்!

அந்தப் பட்டியலின் சீன வடிவத்தைப் பாருங்கள். ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, நூறு பட்டுச் சுருள். அதற்குப் பிறகு பித்தளை மெழுகுவத்தித் தண்டுகள் ஐந்து ஜோடி, பித்தளை விளக்குகள் ஐந்து, மெழுகுவத்தி பத்து ஜோடி, நறுமண எண்ணெய் 2,500 கட்டி. கட்டி என்பது சீன நிறை, ஏறக்குறைய 600 கிராம். ஆகவே எண்ணெய் மட்டுமே ஒன்றரை டன் ஆகிறது. ஆக, சீனர்கள் நம் பக்கத்துத் தெய்வத்துக்கு விளக்குக் கொடுத்தது உண்மை. எண்ணெயும் கொடுத்தார்கள், மெழுகுவத்தியும் கொடுத்தார்கள். காகிதக் கூண்டு மட்டும் பட்டியலில் இல்லை. கடவுளுக்குக் கொடுப்பது நிலைத்து நிற்க வேண்டும் என்று எண்ணி உலோகமாகக் கொடுத்திருக்கலாம். அந்தத் தேனவரைக் கோயிலே 1588-இல் போர்த்துகீசியர் கையில் அழிந்தது. பித்தளை விளக்குகள் என்ன ஆயினவோ!

காகிதத்துக்கு உள்ள துர்ப்பாக்கியம் இது. பீங்கான் உடைந்தாலும் துண்டு மிஞ்சும். கால்டுவெல் பாதிரியார் பழையகாயல் வெளியில் சீனப் பீங்கான் துண்டுகள் இறைந்து கிடந்ததைக் கண்டு, 1881-இல் வெளியான தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் பதிவு செய்தார். பிறகு, 1980-களில் இராமநாதபுரம் கடற்கரைப் பெரியபட்டினத்தில் ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் ஏராளமான சீன ஓடுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். காகித விளக்கு ஒன்று காயல் துறையில் ஒரே ஓர் இரவு எரிந்திருந்தால்கூட அதற்குச் சாட்சி எங்கே? சீனக் கப்பல்கள் இரவில் ஒன்றுக்கொன்று விளக்கால் அடையாளம் காட்டிக்கொள்வது வழக்கம். மாதக்கணக்கில் பருவக் காற்றுக்காகக் காத்திருந்த மாலுமிகள் தங்கள் முதல் மாதப் பௌர்ணமியை இருட்டிலா கழித்திருப்பார்கள்? கரையில் நின்ற முத்துக்குளிக்கும் பரதவர் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் ஒரு நாவலாசிரியனுக்கு இவ்வளவு தைரியமாவது இருக்க வேண்டாமா?

காகிதமே வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நம் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகங்களுள் ஒன்று. அதைத் தமிழாக்கியவர் புன்னைக்காயலில் பல்லாண்டு வாழ்ந்த அன்றீக் அடிகளார். பதினாறே பக்கமுள்ள அந்தச் சிறு புத்தகம் சீனக் காகிதத்தில் அச்சிடப்பட்டது என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே சீனக் காகிதம் நம் கடற்கரைக்கு வந்தது. வந்து, புத்தகமாயிற்று, விளக்காகவில்லை.

ஏன்? அறிவு போதவில்லை, மூங்கில் கிடைக்கவில்லை என்ற காரணமெல்லாம் எடுபடாது. பொதிகைமலை அடிவாரத்தில் மூங்கிலுக்கா பஞ்சம்? என் அபிப்பிராயம் இது. விளக்கு என்றால் நமக்குச் சுடர்தான். அதன்மேல் திரை போடுவதை நம் மனம் ஏற்றுக்கொள்ளவில்லை. கோயிலில் தீபாராதனைத் தட்டு வந்தால் இரண்டு கையாலும் சுடரைத் தொட்டாற்போல எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். காகிதக் கூண்டுக்குள் இருக்கும் சுடரை எப்படி ஒற்றிக்கொள்வது? வீட்டில் பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி, அதைப் பார்த்துக் கும்பிடுகிறோம். வெளிச்சத்துக்காக ஏற்றின விளக்காக இருந்தாலும் முதல் கும்பிடு அதற்குத்தான். சீனன் ஒளியை ரசித்தான். நாம் சுடரைக் கும்பிட்டோம்.

அந்தச் சுடரை அணையாமல் வைப்பதற்கு நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கல்வெட்டுக்களில் நந்தா விளக்கு என்று அடிக்கடி வரும். ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக ஆடுகளைக் கோயிலுக்கு விடுவார்கள். 96 ஆடு, 90 ஆடு, 50 ஆடு என்று இடத்துக்கு இடம் கணக்கு மாறும். இடையர் அவற்றை வளர்த்து நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் நிரப்பவேண்டும் என்பதால், அவற்றுக்குச் சாவாத, மூப்படையாத ஆடுகள் என்றே பெயர். ஒரு சுடருக்குப் பின்னால் ஒரு மந்தை, ஒரு குடும்பம், தலைமுறை தலைமுறையாக ஓர் ஒப்பந்தம்! ஓர் இரவு எரிந்து மறுநாள் குப்பைக்குப் போகிற காகித விளக்கை இவர்கள் எப்படி மதித்திருப்பார்கள்?

வெளியே எடுத்துப் போகிற விளக்கு நம்மிடமும் உண்டு. அது தீவட்டி. வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது பெருமாள்களும் கருடன்மேல் எழுந்தருளுகிற இரவில், ஸ்ரீவைகுண்டத்துக் கள்ளபிரானும் போய்ச் சேருகிறார். அங்கே தீவட்டி வெளிச்சம் பெருமாளின் முகத்துக்காகத்தான். பிடிக்கிறவர் இருட்டிலேயே நிற்பார். சாங்-ஆன் பெண்ணின் கைவிளக்கு அவள் முகத்துக்கு வெளிச்சம் போட்டது. சொக்கப்பனை கொளுத்துகிற திருக்கார்த்திகையன்றுகூட நம் பெண்கள் அகல் விளக்கை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். விளக்கோடு வீதிக்குப் போகவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது. சீனியை ஏற்றுக்கொண்டதுபோல அந்த மூன்று இரவுகளையும் நாம் ஏற்றுக்கொண்டிருந்தால் நம் பாட்டிமார்களுக்குக் கார்த்திகை வேறு மாதிரிப் பண்டிகையாக இருந்திருக்கும்.

1433-க்குப் பிறகு அந்தப் பெரும் கப்பற்படை வரவில்லை. சீன அரசாங்கம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. காயலும் தூர்ந்துபோயிற்று. இன்றைக்குப் பழையகாயலைச் சுற்றி உப்பளங்கள்.

காகித விளக்கு நம் நாட்டுக்கு மறுபடியும் வந்தது மேற்கேயிருந்து! ஐரோப்பாவில் சீனச் சாமான்களின்மேல் ஏற்பட்ட மோகத்தில், பிரபுக்கள் தோட்ட விருந்துகளில் மரத்துக்கு மரம் இந்த விளக்கைக் கட்டினார்கள். அந்த நாகரிகத்தை அப்படியே இங்கே கலெக்டர் பங்களாத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் வெள்ளைக்காரர்கள். துரை வீட்டுச் சாமானாக வந்ததால் "லாந்தர்" என்ற பெயரும் கூடவே வந்தது. பாளையங்கோட்டை, நாசரேத் பக்கங்களில் கிறிஸ்துமஸுக்கு வீட்டு முகப்பில் தொங்குகிற காகித நட்சத்திரமும் மேற்கேயிருந்து வந்ததே. அதன் மூலம் 1830-களில் ஜெர்மனியில் மொரேவியப் பள்ளிக்கூடம் ஒன்றில் பையன்களுக்கு க்ஷேத்திர கணிதம் சொல்லிக்கொடுக்கச் செய்த நட்சத்திரம் என்கிறார்கள். கணக்குப் பாடம் எவ்வளவு அழகாக முடிந்திருக்கிறது! காகிதத்துக்குள் ஒளியை வைப்பது என்ற யோசனையை நம் ஜில்லாவில் மனமுவந்து ஏற்றது இந்த ஒரு பண்டிகைதான்.

இன்னொரு பாதையும் உண்டு, கொழும்புப் பாதை. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் கடை வைத்தவர்களும், அந்தக் கடைகளில் கணக்கெழுதியவர்களும் நம் ஜில்லாவில் எத்தனையோ பேர். இலங்கையில் 1885-இலிருந்து வெசாக் பௌர்ணமி அரசாங்க விடுமுறையானது. அன்றிரவு வீட்டுக்கு வீடு மூங்கில் சிம்பிலும் மெல்லிய வர்ணத் தாளிலும் செய்த விளக்குகள் தொங்கும். அங்குள்ள தமிழர் அதை வெசாக் கூடு என்பார்கள். எட்டு முகமுள்ளது ஒன்று, தாமரைபோல் ஒன்று, ஓயாமல் சுழல்வது ஒன்று. புத்தருக்காக ஏற்றுவது, பௌர்ணமியில் ஏற்றுவது, காகிதத்துக்குள் ஏற்றுவது. தெருவெல்லாம் ஜனக்கூட்டம், பெண்களும் குழந்தைகளும் நள்ளிரவுவரை வீடு திரும்பாமல் விளக்குப் பார்க்கிறார்கள்.

ஜெங் ஹெயின் கல் இப்போது அந்தக் கொழும்பு நகரத்துப் பொருட்காட்சிசாலையில்தான் இருக்கிறது. வெசாக் சமயத்தில் போகிறவர்கள் பகலில் அதைப் பார்த்துவிடலாம். தமிழ் எழுத்துக்கள் தேய்ந்திருக்கின்றன. கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.